யோபுவின் கதை கேட்ட நீலகண்டர்

இடுக்கண் அழியாமை என்று தனி அதிகாரமே வகுத்துக்கொண்ட மொழி தமிழ். சுடலை காத்த அரிச்சந்திரன் கதையைக் கூத்துக்களத்தில் விடிய விடியப் பார்த்துக் கண்ணீர் உகுத்த மண் தொண்டை மண்டலம். சமணம் விட்டுச் சைவம் சார்ந்தமைக்காகத் திருநாவுக்கரசரைப் பல்லவ வேந்தன் நீற்றறையில் இட்டதையும், நஞ்சு ஊட்டியதையும், யானையை ஏவியதையும், கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளியதையும் சேக்கிழார் விரித்துப் பாடியிருக்கிறார். அப்பல்லவர்தம் தலைநகராகிய காஞ்சி உத்திரமேரூருக்கு நெடுந்தொலைவன்று. ஆதலின் அரசாணைக்கும் அடியவர் உள்ளத்துக்கும் இடையே மூளும் போர் இவ்வூர்க் கவிஞர்க்குப் புதிய பொருளாகாது.

நாவுக்கரசருக்கு ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்குப் பின்னர், தமிழகத்தின் தென்கோடியில் இன்னொரு வேந்தனின் ஆணைக்கு ஆளான ஒருவர் வரலாறு இதனோடு வைத்து எண்ணத்தக்கது. சமயம் வேறு, நாடு வேறு, காலம் வேறு. இவற்றினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. நாவுக்கரசர் கரையேறினார், வேந்தனும் மனம் மாறினான். நட்டாலம் நீலகண்டர் கரையேறவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை இன்று புனித தேவசகாயம் எனப் போற்றும் அவருக்கு இறுதிவரை விடுதலை வாய்க்கவில்லை.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்தை அடுத்துள்ள நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வாசுதேவன் நம்பூதிரி. தாயார் தேவகி அம்மை. தாய்வழி உரிமை நிலவிய நாயர் குடியாதலின் தாய்மாமன் பொறுப்பில் வளர்ந்தார். வடமொழி, தமிழ், மலையாளம் ஆகியவற்றைக் கற்றதோடு படைக்கலப் பயிற்சியும் பெற்றார் என்பது வழிவழிச் செய்தி. வளர்ந்து பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலரானார்; அங்குள்ள நீலகண்டசுவாமி கோயிலின் பொறுப்புகளும் அவரிடம் இருந்தன. பார்கவி அம்மையை மணந்தார். அரசரின் நம்பிக்கையும் குடிப்பெருமையும் செல்வமும் ஒருங்கே அமைந்த வாழ்வு. உத்திரமேரூர்ச் சபையின் முதற்பராந்தகர் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் குடவோலைக்குப் புறம்பாக்கின. அத்தகைய கணக்கும் கருவூலமும் சார்ந்த வாழ்வே நீலகண்டருடையது. பின்னாளில் அவர்மேல் வந்த குற்றச்சாட்டுகளை எடைபோட முனைவோர் இதனை மறந்துவிடலாகாது. பொறுப்பில் இருப்பவருக்குப் பகைவர் தாமே முளைப்பர்.

அந்நாளைய திருவிதாங்கூரை மார்த்தாண்டவர்மர் 1729 முதல் ஆண்டு வந்தார். உள்நாட்டுப் பிரபுக்களை அடக்கி, அண்டை நாடுகளை ஒவ்வொன்றாக வென்று இணைத்து, சிறு நாட்டைப் பேரரசாக்கிய வேந்தர் அவர். 1741-இல் குளச்சலில் ஒல்லாந்தர் படையை அவர் முறியடித்தார். அங்குச் சிறைப்பட்டவருள் ஒருவர் யூஸ்தாக்கியுஸ் டிலனாய். ஒல்லாந்தக் கும்பினியின் படையில் பணியாற்றியவராயினும் கத்தோலிக்கர். வென்ற மன்னர் அவரைக் கொல்லவில்லை; தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். பத்மநாபபுரத்தை ஒட்டிய புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை டிலனாயின் இருப்பிடமாயிற்று. கோட்டை வேலைகளை முன்னிட்டு அரண்மனை அலுவலரான நீலகண்டரும் சிறைப்பட்டுத் தளபதியான டிலனாயும் பழகலாயினர்.

அக்காலத்தில் நீலகண்டர் வீட்டில் துன்பம் தொடர்ந்தது. மாடுகள் மடிந்தன. பயிர் பொய்த்தது. குடும்பச் சொத்து கரைந்தது. வழிபாட்டில் குறை வைக்காத தமக்கு இவை ஏன் நேர்ந்தன என்ற வினா அவரை அரித்தது. முகவாட்டத்தின் காரணத்தைக் கேட்டறிந்த டிலனாய், விவிலியத்திலுள்ள யோபுவின் கதையை அவருக்குச் சொன்னார்.

இந்த ஒரு நிகழ்ச்சியில் சற்றே தங்கிச் செல்லுதல் தகும். யோபு என்றவுடன் பொறுமை என்ற சொல்லே பலர்க்கும் நினைவுக்கு வரும். நூலைப் படித்தவர் அறிவர்: 42 அதிகாரங்களுள் அந்த அமைதியான பொறுமை முதல் இரண்டோடு ஒருவாறு முடிந்துவிடுகிறது. 7000 ஆடுகளும் 3000 ஒட்டகங்களும் 500 ஏர் மாடுகளும் 500 கழுதைகளும் உடைய செல்வர், அனைத்தையும் மக்களையும் ஒரே நாளில் இழக்கிறார். பின் உடம்பெங்கும் புண். மூன்றாம் அதிகாரம் தொடங்கிப் புலம்புகிறார். பிறந்த நாளைச் சபிக்கிறார். கடவுளை வழக்குக்கு அழைக்கிறார். ஆறுதல் கூற வந்த நண்பர்களோ, நீ செய்த பாவமே நின்னை வாட்டுகிறது என்று ஊழ்வினைக் கணக்கு ஒப்பிக்கின்றனர். சூறைக்காற்றினின்று கடவுள் பேசும்போது யோபுவின் வினாவுக்கு நேரான விடை ஒன்றும் தரவில்லை என்பதே அந்நூலின் வியப்பு. படைப்பின் விரிவைக் காட்டுகிறார், யோபு அடங்குகிறார். முடிவில் இறைவன் கண்டிப்பது யோபுவை அன்று, விளக்கம் கூறிய நண்பர்களையே.

மாடுகளை இழந்திருந்த ஒருவருக்கு, மாடுகளை இழந்த ஒருவர் கதை சொல்லப்பட்டது. சொன்னவரும் ஏட்டறிவால் மட்டும் சொன்னவரல்லர். போரில் தோற்று, தாயகம் திரும்பும் வழியடைந்து, வென்றவனுக்கே வாள்பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் நிலையில் இருந்த வீரர். துன்பம் என்பது தண்டனையாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்திலிருந்து நீலகண்டரை விடுவித்தது அக்கதையே எனக் கொள்ளலாம். இழப்புக்குக் காரணம் தேடி அலைந்த மனம், காரணம் தெரியாமலேயே ஒருவர் கையில் தன்னை ஒப்படைக்கலாம் என்று கண்டுகொண்டது. கத்தோலிக்க ஆன்மிகம் இதனை இறைப்பராமரிப்பில் வைக்கும் நம்பிக்கை என்று வழங்கும். நடப்பதெல்லாம் நன்மையே என்று கண்ணை மூடிக்கொள்வதை அது குறிப்பதில்லை; நடப்பது தீமையாகவே இருப்பினும் கைவிடப்படவில்லை என்று துணிவதைக் குறிப்பது.

நீலகண்டர் திருமுழுக்குப் பெற விழைந்தார். அரண்மனை அலுவலர் ஒருவர்க்குத் திருவிதாங்கூர் எல்லைக்குள் அது இயலாத செயல். டிலனாயின் அறிமுகத்தோடு மலைக்கு அப்பாலுள்ள வடக்கன்குளம் சென்றார். அங்கு இயேசு சபைத் துறவியான இத்தாலியர் ஜொவான்னி பத்தீஸ்தா புத்தாரி மறைப்பணி ஆற்றி வந்தார். அவரிடம் மறைக்கல்வி பெற்று, 1745 மே 14-ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். அப்போது அவர்க்கு அகவை 33.

இலாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று இட்டனர். கடவுளே உதவி என்பது அவ்வெபிரேயப் பெயரின் பொருள். பிரித்தோ அருளானந்தராகவும் பெஸ்கி தைரியநாதராகவும் ஆகிய மரபில் இதுவும் ஒன்று. பிறமொழிப் பெயரை ஒலிபெயர்க்காமல் பொருள்பெயர்த்த அக்காலத் துறவியரின் மொழியுணர்வு பாராட்டத்தக்கது. பார்கவி அம்மையும் கணவர் வழி நின்று திருமுழுக்குப் பெற்றார். தெரேசா என்பதற்கு ஈடாக ஞானப்பூ என்ற பெயர் அவருக்கு வழங்கலாயிற்று.

பெயர் மாறிய நான்கு ஆண்டுகள் வரை அரண்மனைப் பணி தொடர்ந்தது. மாற்றம் பழக்கங்களில் வெளிப்பட்டது. குலவேறுபாடு பாராமல் எல்லாரோடும் கலந்து பழகினார். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவரோடு உடனமர்ந்து உண்டார். தீண்டாமையும் காணாமையும் சட்டம்போல் நிலவிய நாட்டில், அரசரின் அலுவலர் ஒருவர் இவ்வாறு நடந்தது, கோயிலை மாற்றிக்கொண்டதினும் பெரிய குற்றமாகத் தோன்றியிருத்தல் வேண்டும். பகைத்தவர் மன்னரிடம் முறையிட்டனர். தெய்வங்களை இகழ்ந்தார், அரசுக்கு இரண்டகம் செய்தார், மறைச்செய்திகளை அயலார்க்கு அளித்தார் என்றெல்லாம் குற்றம் சாட்டினர். 1749 பெப்ரவரி 23-ஆம் நாள் அவர் சிறைப்படுத்தப்பட்டார்.

சமயம் மாறியதற்காக ஒருவரைக் கொல்லும் வழக்கம் திருவிதாங்கூரில் இருந்ததில்லை எனவும், இவர் தண்டிக்கப்பட்டது அரசியற் குற்றத்துக்கே எனவும் வரலாற்றாசிரியர் சிலர் வாதிடுவர். டிலனாயின் சமய உரிமையில் மன்னர் தலையிடவில்லை என்பது அவர்தம் வாதத்துக்கு வலுச் சேர்ப்பதே. திருச்சபையோ, 1756-இல் கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கை தொட்டு, நம்பிக்கைக்காகவே இறந்தார் என்று கூறி வந்திருக்கிறது. இரண்டகமே உண்மைக் காரணமாயின் தலைவாங்க ஒரு நாள் போதும். மூன்றாண்டுகள் ஊரூராக இழுத்துச் சென்று, பழைய நெறிக்குத் திரும்புமாறு வற்புறுத்தியிருக்க வேண்டுவதில்லை என்ற எண்ணம் மேலோங்குகிறது. அயலாரான டிலனாய் தம் சமயத்தைப் பேணியது ஒன்று. அரண்மனையின் நாயர் அலுவலர் ஒருவர் தம் குலவொழுக்கத்தைக் கைவிட்டது வேறொன்று.

கைகளைப் பின்கட்டாகக் கட்டி, எருக்கம்பூ மாலை சூட்டி, எருமைமேல் ஏற்றி ஊர்கள்தோறும் அவரைக் கொண்டுசென்றனர். எருக்கம்பூ என்றதும் சங்க இலக்கியம் பயின்றோர்க்கு மடலேறும் தலைவன் நினைவுக்கு வருவான். காதல் கைகூடாதவன் எருக்கம்பூ சூடிப் பனைமடற் குதிரையேறித் தன் நாணத்தைத் தானே தெருவில் எறிகிறான். தெய்வங்கள் விலக்காத எருக்கைப் பற்றிக் கபிலர் புறநானூற்றில் பாடியதும் இலக்கியவாணர் அறிந்ததே. தேவசகாயத்துக்கு அதனைச் சூட்டியவர்கள் இத்தனையும் எண்ணியிரார். இழிவு ஒன்றே அவர்தம் நோக்கம். ஆயினும் விரும்பிய ஒன்றுக்காக ஊர் நகைக்கத் தெருவில் செல்பவன் சூடும் பூவே அவர் கழுத்தில் விழுந்தது.

நாள்தோறும் கசையடி. அடிபட்ட புண்ணில் மிளகாய்ப் பொடி. பின்னர்க் கொளுத்தும் வெயிலில் நிறுத்தல். குடிக்கத் தேங்கிய நீர். இவற்றை அடுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை. மக்கள் நினைவு தேர்ந்து வைத்திருக்கும் இடங்கள் வேறு. புலியூர்க்குறிச்சியில் தாகம் மிக்கு, கட்டுண்ட முழங்கையால் பாறையை இடித்து வேண்டினார் என்றும், நீர் சுரந்தது என்றும் கூறுவர். முட்டிடிச்சான் பாறை என்று அவ்விடம் இன்றும் பெயர் பெற்றுள்ளது. பெருவிளையில் அவரை ஒரு வேப்பமரத்தில் மாதக்கணக்கில் கட்டி வைத்திருந்தனர். நோயுற்று வந்தோர்க்கு அவ்வேம்பின் இலையைக் கொடுத்து வேண்டினார் என்றும், அவர்கள் நலம் பெற்றனர் என்றும் ஊர் சொல்லும். இவற்றின் உண்மையை அளக்கும் கோல் ஆராய்ச்சியாளரிடம் இல்லை. வெறும் இழிவுக் காட்சியாக அரசு நிறுத்திய மரத்தடிக்கு, மக்கள் தம் நோவுகளோடு வந்தனர் என்பது மட்டும் இக்கதைகளால் தெளிவாகிறது.

அவர் கட்டுண்டிருந்த அதே காலத்தில் திருவனந்தபுரத்தில் நிகழ்ந்த ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. 1750 சனவரியில் மார்த்தாண்டவர்மர் தம் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கினார். உடைவாளைத் திருமுன் வைத்து, இனித் தாம் பத்மநாபதாசர் என்ற பெயரோடு இறைவனின் பணியாளாக மட்டுமே ஆள்வதாக உறுதி பூண்டார். திருப்படிதானம் என வரலாறு புகழும் நிகழ்ச்சி அது. ஒரே நாட்டில் ஒரே ஆண்டில், வென்றவை அனைத்தையும் இறைவன் அடியில் வைத்தவர் ஒருவர். வைப்பதற்குத் தம் உடலன்றி வேறொன்றும் எஞ்சாதவர் மற்றொருவர். வேந்தரின் பக்தியை ஐயுறுவதற்கு இடமில்லை. அரசு இறைவனுடையதாகவே ஆகிவிட்ட பின்பு, வேறு வழியில் இறைவனைத் தொழுதவன் அரசுக்கே பகைவனாகத் தோன்றியிருத்தலும் கூடும்.

இறுதியாக அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுசென்றனர். மேற்கு மலையின் முடிவில், பாண்டி நாட்டுக்கும் திருவிதாங்கூருக்கும் வாயிலாக அமைந்த கணவாய் அது. வடக்கன்குளத்துக்குத் திருமுழுக்கு நாடி அவர் நடந்த வழியும் இதுவாகவே இருத்தல் வேண்டும். காற்றுக்குப் பெயர்பெற்ற நிலம். காற்றாலைகள் வரிசையாக நிற்கும் முப்பந்தல் அதற்கு அண்மையது. காற்றாடிமலை என்ற பெயரே அம்மலையின் இயல்பைச் சொல்லும். 1752 சனவரி 14-ஆம் நாள் இரவில் வீரர்கள் அவரை அம்மலைமேல் ஏற்றிச் சென்று சுட்டுக் கொன்றனர். நாற்பது அகவை நிறைய மூன்று திங்கள் இருந்தது. அவர் இறந்தபோது பாறை ஒன்று மணிபோல் ஒலித்தது என்பர். தட்டினால் ஒலிக்கும் அப்பாறையை இன்றும் அங்குக் காணலாம். உடலைக் காட்டில் எறிந்து சென்றனர். சில நாட்கள் கழித்து நம்பிக்கையாளர் எலும்புகளைத் தேடியெடுத்துக் கோட்டாறு புனித சவேரியார் கோவிலில் பீடத்தின் முன்னே அடக்கம் செய்தனர்.

யோபுவின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. இழந்த ஆடுமாடுகள் இரட்டிப்பாகத் திரும்பின. ஏழு ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் மீண்டும் பிறந்தனர். நீண்ட நாள் வாழ்ந்து முதிர்ந்து இறந்தார் என்று நூல் முடிகிறது. உதயகிரிக் கோட்டையில் அக்கதையைக் கேட்ட அலுவலர், தமக்கும் அத்தகைய முடிவு வாய்க்கும் என்று எண்ணியே தொடங்கியிருந்தாலும் வியப்பில்லை. கிடைத்ததோ கதையின் நடுப்பகுதி மட்டுமே. மாடுகள் திரும்பவில்லை, பதவியும் வீடும் போயின. மனம் மாறினால் அனைத்தும் மீளக் கிடைக்கும் என்ற வாக்குறுதி மூன்றாண்டுகளும் அவர்முன் விரிந்தே கிடந்தது. யோபுவுக்கு அத்தகைய பேரம் பேசப்படவில்லை. இவ்வகையில் நட்டாலத்தவரின் சோதனை ஊசு நாட்டு யோபுவின் சோதனையினும் கடியது என்று கூறினும் மிகையாகாது.

கதை சொன்ன டிலனாய் அதே மன்னரின் தளபதியாகத் தொடர்ந்தார். மார்த்தாண்டவர்மர் 1758-இல் மறைந்த பின்னும் அவர் வழிவந்தவரிடம் பணியாற்றி, 1777-இல் உதயகிரிக் கோட்டையிலேயே இறந்தார். அவர் கல்லறையில் இலத்தீனத்தோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. நண்பர் ஒருவர் வேம்பில் கட்டுண்டிருக்க, அவரைக் கட்டிய அரசின் படைக்கு அணிவகுப்புக் கற்பித்தவர் மனநிலையை நாடகமாக்க வல்ல கவிஞர் தமிழில் இன்னும் தோன்றவில்லை போலும்.

மக்கள் கலை தேவசகாயத்தை விரைவிலேயே தனதாக்கிக்கொண்டது. குமரி நாட்டுச் சிற்றூர்களில் அவர் வரலாறு நாடகமாக ஆடப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்தாகவும் வழங்கியது. அரிச்சந்திரன் கூத்தைக் கண்டு அழுத அதே கண்கள் இதனையும் கண்டு அழுதன. திருச்சபையின் முறையான ஏற்பு மிகக் காலந்தாழ்த்தே வந்தது. 2012 திசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளர் பட்டமும், 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிசு அவர்களால் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. இந்தியப் பொதுநிலையினருள் புனிதரான முதல்வர் அவரே. பெயரோடு ஒட்டியிருந்த பிள்ளை என்ற சாதிப்பெயர் அவ்விழாவுக்கு முன்னரே நீக்கப்பட்டது. உடனமர்ந்து உண்டமைக்காகத் துன்புற்றவருக்கு அப்பட்டப்பெயர் ஏறத்தாழ 270 ஆண்டுகள் பின்தொடர்ந்தது ஒரு நகைமுரண்.

இவ்வரலாற்றில் ஒருவர் மட்டும் அரிதாகவே பேசப்படுகிறார். ஞானப்பூ அம்மையார், கணவர் இறந்தபின் திருவிதாங்கூரை விட்டு நீங்கி வடக்கன்குளம் சென்று தங்கினார். கணவரைக் காண வேப்பமரத்தடியில் மக்கள் கூடினர். அவர் இறந்த மலைக்கு வழிபடுவோர் வந்தனர். இவர்க்கு அத்தகைய கூட்டமும் இல்லை, எருக்கம்பூவும் இல்லை. பிறந்த குடியையும் நாட்டையும் இழந்து, மலைக்கு இப்பால் ஓர் ஊரில், ஒவ்வொரு நாளையும் தனியே கழித்த வாழ்வு அது. மூன்றாண்டுச் சித்திரவதையைப் பாடிய நாடகங்கள் இந்தப் பதினான்கு ஆண்டுகளைத் தொடவில்லை. 1766-இல் அவர் காலமானார். கணவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் அவர் கல்லறை உள்ளது.